‘தோண்டோ’ என்னும் கல்: ஒரு மராத்திப் பெயரின் பொருளும் பிறப்பும்

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி பற்றிய நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் சென்ற வாரம் ஓர் ஐயம் எழுப்பினார். கான்பூரில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற நானா சாகிபின் பெயர் அந்நூலில் ‘தோண்டு பந்த்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதாம். “தோண்டுபவர் என்று பொருளா? புதையல் ஏதேனும் தோண்டியெடுத்த குடும்பமா?” என்று கேட்டிருந்தார். வேடிக்கையாகக் கேட்ட கேள்விதான். ஒரு வரியில் விடை எழுதிவிடலாம் என்று தொடங்கினேன், முடியவில்லை. அப்பெயருக்குப் பின்னால் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது. ஆகவே இந்த நெடும்பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் சொற்பொருள். தமிழ்ச் செவிக்கு அப்படிக் கேட்டாலும், நம் ‘தோண்டு’ என்னும் வினைக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. மராத்தியில் ‘தோண்டா’ என்றால் கல். குறிப்பாகப் பெரிய, செதுக்கப்படாத, வழியில் கிடக்கிற கல். அதிலிருந்து பிறந்த ஆண்பெயர்களே தோண்டோ, தோண்டு, தோண்டிபா ஆகியவை. பெண்ணாயின் தோண்டாபாய், தோண்டுபாய். ஆக, நானா சாகிபின் இப்பெயரைத் தமிழில் சொல்வதானால் ‘கல்லு’ என்றுதான் சொல்ல வேண்டும். கடைசிப் பேஷ்வாவான இரண்டாம் பாஜிராவ் 1827இல் தத்தெடுத்த பிள்ளை அவர். பேஷ்வாவின் வாரிசுரிமை கோரி ஆங்கில ஆட்சியோடு வழக்காடியவரின் பெயர் வெறுங்கல் என்பதைப் பொருத்திப் பார்த்தால், இது ஏளனமாக இடப்பட்ட பெயராக இருக்க முடியாது என்பது விளங்கும்.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். இந்தியத் திரைப்படத்தின் முன்னோடி தாதாசாகேப் பால்கேயின் இயற்பெயர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே என்று சில தமிழ் நூல்களில் காணலாம். அப்பெயர் வேறு, இப்பெயர் வேறு. பால்கேயின் பெயருக்கு மூலமான வடமொழி வடிவில் முதலெழுத்து நாமடியில் பிறக்கும் ‘ட’கர ஒலி, டுண்டிராஜ். அது காசியில் கோயில் கொண்டுள்ள கணபதியின் திருநாமம். ‘தேடுதல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து அதனைக் காசி காண்டம் விளக்குகிறது. தோண்டோவின் முதலெழுத்தோ பல்லில் பிறக்கும் ‘த’கரம். ஒன்று தேடப்படும் தெய்வத்தின் பெயர். மற்றொன்று யாரும் தேடாத பொருளின் பெயர்.

இப்பெயர் தாங்கியோர் சிலரை வாசகர்கள் ஏற்கெனவே அறிவார்கள். தமிழகப் பள்ளிப் பாடநூல்களில் மருது சகோதரர்களோடும் திண்டுக்கல் கோபால நாயக்கரோடும் சேர்த்து, மைசூர்ப் பகுதியின் கிளர்ச்சித் தலைவராகத் ‘துந்தாஜி’ என்ற பெயர் வரும். மராத்தி வழக்கில் அவர் தோண்டியா வாக், அல்லது தோண்ட்ஜி வாக். ‘வாக்’ என்றால் புலி. ஆங்கிலேயர் எழுதிய எழுத்துக்கூட்டு நம்மிடம் வந்துசேர்ந்தபோது கல் மறைந்து, பொருளற்ற ஓர் ஒலி மட்டும் எஞ்சியது. 1800 செப்டம்பரில் ஆர்தர் வெல்லெஸ்லியின் படையோடு பொருது அவர் வீழ்ந்தார். அவருடைய இளம் மகன் சலாபத் கானை வெல்லெஸ்லியே பொறுப்பேற்று வளர்க்கச் செய்தார் என்பது வரலாறு.

இன்னொருவர் தோண்டோ கேசவ் கர்வே. கைம்பெண்களின் மறுவாழ்வுக்கும் பெண்கல்விக்கும் தம் வாழ்நாளை அளித்தவர். 1916இல் இந்தியாவின் முதல் பெண்கள் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர். 1958இல் பாரத ரத்னா பெற்றவர். பெண்களுள் ஜெய்ப்பூர்-அத்ரௌலி கரானாவைச் சேர்ந்த இந்துஸ்தானி இசைக்கலைஞர் தோண்டுதாயி குல்கர்ணியைச் சொல்லலாம். கேசர்பாய் கேர்கரின் மாணவி. பேஷ்வாவின் வளர்ப்பு மகன், கிளர்ச்சிப் படைத்தலைவர், கல்வியாளர், இசைவாணி என இத்தனை வேறுபட்ட மனிதர்களுக்குக் ‘கல்’ என்று எவ்வாறு பெயர் வந்தது?

விடை தொட்டிலருகே இருக்கிறது. மராத்தியக் குடும்பங்களில் குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள் நிகழும் பெயர்சூட்டு விழாவுக்குப் ‘பார்சே’ என்று பெயர். தந்தையின் உடன்பிறந்தாளான அத்தை, தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் காதில் ‘குர்ர்ர்’ என்று ஒலியெழுப்பிப் பெயரைச் சொல்வாள். சூழ்ந்து நிற்கும் பெண்கள் அவள் முதுகில் செல்லமாகத் தட்டுவார்கள். சிரிப்பும் ஆரவாரமும் நிறைந்த சடங்கு. ஆனால் அதற்குச் சில நாள்கள் முன்பு, ஐந்தாம் அல்லது ஆறாம் இரவில், அச்சம் நிறைந்த வேறொரு சடங்கு நடந்திருக்கும். அந்த இரவில் சட்வாயி என்னும் தெய்வம் வந்து குழந்தையின் நெற்றியில் அதன் விதியை எழுதிவிட்டுப் போவாள் என்பது நம்பிக்கை. நம் ஊரில் ‘தலையெழுத்து’ என்கிறோமே, அதே எழுத்து. அவளுக்கு விளக்கேற்றிப் பூசையிட்டு, வீட்டுப் பெண்கள் விழித்திருப்பார்கள்.

அந்த அச்சம் வெற்று மூடநம்பிக்கையில் முளைத்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூடப் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் 200க்கும் மேற்பட்டவை முதற் பிறந்தநாளைக் காணவில்லை. கொள்ளைநோயோ பஞ்சமோ வந்த ஆண்டுகளில் நிலைமை இன்னும் கொடியது. முதற் பிள்ளையும் இரண்டாம் பிள்ளையும் போய், மூன்றாவது பிறக்கும்போது ஒரு தாய் என்ன செய்வாள்? மருத்துவம் எட்டாத இடத்தில் அவள் கையில் எஞ்சியிருந்தது ஒரு சொல் மட்டுமே. அழகிய பெயரிட்டால் கண்படும். தெய்வமோ பேயோ காலனோ ஆசைப்பட்டுவிடும். ஆகவே, “இது குழந்தையன்று, வழியில் கிடந்த கல். இதை எடுத்துக்கொண்டு போய் நீ என்ன செய்யப்போகிறாய்?” என்று விதியிடம் ஒரு பொய் சொன்னாள். தோண்டோ என்பது அந்தப் பொய்.

இதற்கு மாற்றாக வேறொரு விளக்கம் சிலருக்குத் தோன்றக்கூடும். சந்திர ஆண்டையும் சூரிய ஆண்டையும் இசைவிக்க ஏறத்தாழ 32 மாதங்களுக்கு ஒருமுறை சேர்க்கப்படும் அதிக மாதத்தை மராட்டிய மக்கள் ‘தோண்டா மாதம்’ என்று அழைப்பர். அம்மாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதனாலேயே அப்பெயர் அமைந்திருக்கலாகாதா? ஓரிரு குடும்பங்களில் அவ்வாறு நிகழ்ந்திருந்தால் வியப்பில்லை. ஆனால் இப்பெயர் தனித்து நிற்கவில்லை. மராத்தியில் கல்லுக்குத் ‘தகட்’ என்று இன்னொரு சொல் உண்டு. மாதத்தின் பெயரோடு எவ்வகையிலும் தொடர்பற்ற அச்சொல்லிலிருந்தும் தக்டூ, தக்டோபா, தக்டாபாய் என்று பெயர்கள் பிறந்திருக்கின்றன. குப்பையைக் குறிக்கும் ‘கேர்’ என்னும் சொல்லிலிருந்து கேரு, கேரோபா. பிச்சையைக் குறிக்கும் ‘பீக்’ என்பதிலிருந்து பிக்கு, பிக்காஜி, பிக்கோபா. இவை அனைத்தையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் தோண்டோவின் இடம் தெளிவாகிறது. மதிப்பற்ற பொருளின் பெயரை மதிப்புமிக்க குழந்தைக்கு இடுவதே இவ்வரிசை முழுவதற்கும் பொதுவான இயல்பு.

தமிழ் வாசகர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. கேருவுக்கு நம் குப்புசாமியும் குப்பம்மாளும் நேர். பிக்காஜிக்கு நம் பிச்சையும் பிச்சைமுத்துவும் பிச்சையம்மாளும் நேர். குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுப்பதும், தவிட்டுக்கு விற்று வாங்குவதும் நம் பாட்டிமார் செய்தவையே. வங்காளத்தில் மூன்று சோழிக்கு வாங்கிய பிள்ளை ‘தீன்கடி’. ஐந்து சோழிக்கு வாங்கியவன் ‘பாஞ்ச்கடி’. பஞ்சாபில் மண்ணில் இழுக்கப்பட்டவன் ‘கசீட்டா’. பஞ்சாபியரின் பெயர்களை ஆராய்ந்து 1883இல் நூல் எழுதிய ரிச்சர்டு கார்னாக் டெம்பிள் இத்தகைய இழிபொருட் பெயர்களைத் தனி வகையாகவே எடுத்துப் பேசுகிறார். மொழிக்குடும்பமும் சாதியும் சமயமும் கடந்து, இந்தத் துணைக்கண்டம் முழுவதும் ஒரே அச்சம் ஒரே வகையான சொற்களைப் பிறப்பித்திருக்கிறது.

இழிபொருட் பெயர்கள் மிகப் பழமையானவை என்பதற்கும் சான்றுகள் உண்டு. ஐதரேய பிராமணத்தில் வரும் அஜீகர்த்தனின் மூன்று புதல்வர்களான சுனஹ்புச்சன், சுனஹ்சேபன், சுனோலாங்கூலன் ஆகியோரின் பெயர்கள் மூன்றும் ‘நாய்வால்’ என்றே பொருள்படும். எந்த நோக்கில் அப்பெயர்கள் இடப்பட்டன என்று அந்நூல் சொல்வதில்லை. நடுப்பிள்ளையை நூறு பசுக்களுக்கு வேள்விப் பலியாக விற்கத் துணிந்த தந்தை அவன். பாலி மொழி ஜாதகக் கதைகளில் 97ஆவதான நாமசித்தி ஜாதகம் இன்னும் சுவையானது. ‘பாபகன்’, அதாவது தீயவன், என்னும் பெயருடைய மாணவன் வேறு நல்ல பெயர் தேடிப் புறப்படுகிறான். வழியில் ‘ஜீவகன்’ என்பவன் இறந்துகிடக்கிறான். ‘தனபாலி’ என்னும் அடிமைப்பெண் கூலிப்பணம் கொண்டுவராததால் அடிபடுகிறாள். ‘பந்தகன்’, அதாவது வழிச்செல்வோன், வழி தவறித் திரிகிறான். பெயரில் ஒன்றுமில்லை என்று தெளிந்து அவன் பழைய பெயரோடே திரும்புகிறான். கதையின் நீதி எதுவாயினும், ‘தீயவன்’ என்று ஒருவனுக்குப் பெற்றோர் பெயரிட்டிருப்பதை அன்றைய கேட்போர் நம்பக்கூடிய செய்தியாகவே எடுத்துக்கொண்டனர் என்பது நமக்கு முக்கியம்.

குப்பைக்கும் பிச்சைக்கும் இல்லாத தனிச்சிறப்பு ஒன்று கல்லுக்கு உண்டு. தக்காணம் எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறை நிலம். அதன் ஊர் எல்லைகளிலும் வயல்வரப்புகளிலும் செந்தூரம் பூசிய செதுக்காத கற்களே தெய்வங்களாக நிற்கின்றன. மசோபா, வேதாளன், மேலே சொன்ன சட்வாயி உட்படப் பல தெய்வங்களுக்கு உருவம் அத்தகைய கல்தான், ‘தாந்தளா’ என்பர். ஆகவே கல் என்னும் சொல்லில் மூன்று பொருள்கள் ஒருங்கே அடங்கின. யாரும் விரும்பாதது, எளிதில் அழியாதது, செந்தூரம் பூசினால் தெய்வமாவது. காலன் காதுக்கு முதற்பொருள் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்ன தாய், இரண்டாம் பொருளை மனத்துக்குள் வேண்டிக்கொண்டிருப்பாள் என்று நான் கருதுகிறேன். இது என் ஊகம். ஆவணச் சான்று காட்ட இயலாது. ஆனால் மராத்தியில் குப்பைப் பெயரைவிடக் கற்பெயர் இவ்வளவு விரிவாகக் கிளைத்திருப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அச்சம் எல்லாருக்கும் பொதுவாயினும், அழைக்கும் முறை பொதுவாக இருக்கவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். பிராமணக் குடும்பத்துக் கல் ‘தோண்டோபந்த்’ ஆனது. உழவர் வீட்டுக் கல் ‘தோண்டிபா’. ஆண்டையின் வாயில் கூலியாளின் பெயர் ‘தோண்ட்யா’. மராத்தியில் ‘யா’ என்னும் இந்த ஈறு நெருங்கியோரிடையே செல்லம். மேலிருந்து கீழ்நோக்கி வரும்போது இழிவு. நம் ஊரில் குப்புசாமி ஐயரும் குப்பனும் ஒரே தெருவில் ஒரே பெயரோடு வாழவில்லை என்பதை நினைவுகூர்க. காலனை ஏமாற்ற இட்ட இழிவு, சிலருக்குச் சாதியின் இழிவாகவே ஒட்டிக்கொண்டது.

புனே நகரத்தின் புகழ்பெற்ற தக்டூஷேட் ஹல்வாயி கணபதியை வணங்கியோர் இங்கு பலர் இருப்பீர்கள். அக்கோயில் தக்டூஷேட் என்னும் இனிப்பு வணிகரின் பெயரால் வழங்குகிறது. அவர் பெயரும் கல்தான். அவரும் அவர் மனைவி லட்சுமிபாயும் தம் மகனைக் கொள்ளைநோயில் இழந்த துயரத்தில் அந்தக் கணபதியை நிறுவினர் என்பது கோயில் வழிச் செய்தி. கல்லென்று பெயர்பெற்றுப் பிழைத்தவர், தம் பிள்ளையைப் பிழைப்பிக்க இயலாமற்போனார். இன்று அங்கு நாள்தோறும் கூடும் ஆயிரக்கணக்கானோரில் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

கர்வேயின் குடும்பத்தில் இக்கதை வேறொரு திசையில் செல்கிறது. மராட்டியரிடையே தந்தையின் பெயர் பிள்ளையின் நடுப்பெயராக அமையும். அவருடைய மூத்த மகன் ரகுநாத் தோண்டோ கர்வே 1921இல் பம்பாயில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை நிலையம் தொடங்கினார். 1927 முதல் ‘சமாஜ் சுவாஸ்த்ய’ என்னும் இதழை நடத்தி, அதற்காக நீதிமன்ற வழக்குகளையும் ஊர்ப்பழியையும் ஏற்றார். பெறுகின்ற பிள்ளைகள் சிலவாயினும் நலமாக வாழ வேண்டும், தாய் மகப்பேற்றில் சாகக்கூடாது என்பது அவர் வாதம். மராத்தியில் அவர் பெயரைச் சுருக்கி ‘ர. தோண். கர்வே’ என்றே எழுதுவார்கள். பத்துப் பெற்றால் ஐந்தாவது தங்கட்டும் என்ற காலத்தின் கல், அந்தக் காலத்தை முடித்துவைக்க உழைத்தவரின் பெயருக்கு நடுவே தலைப்பெழுத்தாக நிற்கிறது. தந்தை கர்வேயோ 1858இல் பிறந்து 1962இல், 104ஆம் வயதில் மறைந்தார்.

இவ்விடத்தில் பதிவை முடித்திருக்கலாம். ஆனால் முடிக்கக்கூடாத ஒரு காரணம் உண்டு. மராத்தியில் ‘நகோ’ என்றால் வேண்டாம். தமிழகத்தில் உருது பேசும் வீடுகளில் கேட்கும் ‘நக்கோ’ அதே சொல்தான். அதிலிருந்து பிறந்த பெண்பெயர் நகோஷி, அல்லது நகுஷா. வேண்டாதவள் என்று பொருள். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பெண் பிறந்தால், அடுத்ததாவது ஆணாக வரட்டும் என்று அவளுக்கு இட்ட பெயர். 2011 அக்டோபரில் சதாரா மாவட்டத்தில் இப்பெயர் கொண்ட 285 பெண்பிள்ளைகளுக்கு அரசு விழா ஒன்றில் புதுப்பெயர் சூட்டப்பட்டது. அவ்வாண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதற்கட்ட முடிவுகளில், ஆறு வயது வரையான பிள்ளைகளில் 1000 ஆண்களுக்கு 914 பெண்களே என்ற செய்தி வெளிவந்திருந்தது. நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள வேண்டாம். ‘வேண்டாம்’, ‘போதும்பொண்ணு’ என்னும் பெயர்கள் தமிழகத்துப் பள்ளி வருகைப் பதிவேடுகளிலும் உண்டு.

பெயராய்வுப் பட்டியல்களில் தோண்டோவையும் நகோஷியையும் ‘இழிபொருட் பெயர்கள்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடுக்கிவிடுவது எளிது. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டிலும் பெற்றோர் “எனக்கு இது வேண்டாம்” என்று விதியிடம் சொல்கிறார்கள். தோண்டோவின் தாய் சொன்னது பொய். அந்தப் பொய்யில்தான் அவள் அன்பு இருந்தது. நகோஷியின் வீட்டார் சொன்னதோ மெய். முன்னது குழந்தையை இங்கேயே தங்கவைக்கச் செய்த சூழ்ச்சி. பின்னது இன்னொரு குழந்தையை வரவழைக்க இவளைக் கருவியாக்கிய விண்ணப்பம். பெண்பிள்ளைகளுக்கும் தோண்டாபாய், தக்டாபாய் என்று காப்புப்பெயர் இட்ட வீடுகள் இருந்தன என்பதை மறவாதிருந்தால் இவ்வேறுபாடு இன்னும் துலங்கும். அங்கே ஒரு பெண்குழந்தை போய்விடக்கூடாதே என்று யாரோ அஞ்சியிருக்கிறார்கள்.

இன்று தோண்டோ என்று குழந்தைக்குப் பெயரிடுவோர் அரிது. தக்டூ நகைச்சுவைக்குரிய பெயராகிவிட்டது. 2014இல் வெளிவந்த ‘டைம்பாஸ்’ என்னும் மராத்தித் திரைப்படத்தின் நாயகன் பெயரும் அதுவே. தடுப்பூசியும் தூய நீரும் மகப்பேற்று மருத்துவமும் வந்த பிறகு, காலனிடம் பொய் சொல்லும் தேவை குறைந்தது. அப்பெயர்கள் மறைவதில் எனக்கு வருத்தமில்லை. அவற்றைப் பார்த்துச் சிரிக்கிறபோது மட்டும் சற்றுத் தயங்க வேண்டும் என்பேன். ஒவ்வொரு தோண்டோவுக்கும் முன்னால், பெயர் நிலைக்காமலே போன உடன்பிறப்புகள் இருந்திருக்கக்கூடும். வம்சாவளி ஏடுகளில் அவர்களுக்கு வரியில்லை. பிழைத்தவனின் பெயர் ஒன்றே அவர்கள் இருந்ததற்கு எஞ்சியிருக்கும் குறிப்பு. நகோஷிகளைப் பொறுத்தவரை, பெயர் மாறியதோடு அவர்கள் வீட்டில் எண்ணமும் மாறியதா என்பதை அந்தப் பிள்ளைகள்தாம் சொல்ல வேண்டும்.

நண்பருக்கு என் விடை இதுதான்: தோண்டு பந்த் எதையும் தோண்டவில்லை. யாரோ ஒரு தாய், “இது வெறுங்கல்” என்று சொல்லிக் காத்த பிள்ளையாக அவர் இருந்திருக்கலாம்.

உங்கள் குடும்பத்தில் குப்பு, பிச்சை, தவிடு என்று பெயர்கொண்ட மூத்தோர் இருந்தால், அப்பெயர் அவர்களுக்கு எவ்வாறு வந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். அவர்களுக்கு முன் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் மறவாமல் கேளுங்கள்.